மேட்டை நோக்கி ஏறிய வரி

லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் பெரும்பகுதியில், வீட்டுக்காரர்களுக்கு ஆண்டுதோறும் வரும் சொத்து வரிச் சீட்டில் ஒரு தொகை மட்டும் வித்தியாசமான கணக்கில் இருக்கும். வீட்டின் விலையை வைத்து அதைப் போடுவதில்லை. மனையில் மழைநீர் மண்ணுக்குள் இறங்க முடியாத பரப்பு எவ்வளவு என்று பார்த்து, சதுர அடிக்கு இரண்டரை சென்ட் வீதம் விதிக்கிறார்கள். கூரை, சிமெண்ட் போட்ட முற்றம், கார் நிறுத்தும் தளம் எல்லாம் கணக்கில் சேரும். புல்தரையும் பூந்தோட்டமும் சேராது. 2018 நவம்பரில் 69 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள் ஆதரித்து ஏற்றுக்கொண்ட இந்த வரியில் ஆண்டுக்குச் சுமார் 28 கோடி டாலர் சேர்கிறது. தெருவைக் கழுவிக்கொண்டு கடலுக்கு ஓடும் மழைநீரை வழியிலேயே தடுத்து, வடிகட்டி, நிலத்துக்குள் இறக்கத்தான் அந்தப் பணம்.

கேட்டால் நேற்று முளைத்த ஏற்பாடு போலத் தெரியும். விமானப் படமும் கணினி வரைபடமும் இல்லாமல், யார் வீட்டில் எத்தனை சதுர அடி சிமெண்ட் என்று எண்ணத்தான் முடியுமா? ஆனால், தண்ணீரால் வரும் தொல்லைக்கு நிலத்தை அளந்து பணம் வாங்கும் வழக்கத்துக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. அது பிறந்த இடத்தில் மழைநீரைப் பற்றிப் பேச்சே இல்லை. பயமெல்லாம் கடலைப் பற்றித்தான். அன்று பணம் கொடுத்தவர்கள் பள்ளத்தில் இருந்தவர்கள். இன்று மேட்டில் இருப்பவர்களும் சேர்ந்து கொடுக்கிறார்கள். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிறது. அதற்கான வரியோ இத்தனை நூற்றாண்டுகளாகப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது.

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் பகுதியில், ராம்னி மார்ஷ் என்ற பரந்த சதுப்பு நிலம் இருக்கிறது. கடல் பொங்கும் நேரத்தில் அலைமட்டத்துக்குக் கீழே கிடக்கும் மண். ஆடுகளுக்கு அருமையான மேய்ச்சல். ஓர் இடத்தில் கரை உடைந்தால் போதும், எல்லார் நிலத்திலும் உப்புநீர் ஏறிவிடும். கரையோரத்து நிலக்காரர் தனியாளாக நின்று அதைக் காக்க முடியாது. உள்ளே தள்ளி இருப்பவர் எனக்கென்ன என்று உட்காரவும் முடியாது. ஆகவே 24 பேரிடம் சத்தியம் வாங்கி, கரைப் பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்தார்கள். 1258-ல் ஹென்றி ஆஃப் பாத் என்ற அரச நீதிபதி அங்கே வந்து, விசாரித்து, ஊர் வழக்கத்தை எழுத்தில் பதித்தார். கரையை அளக்க வேண்டும், கரை காக்கும் நிலத்தையும் அளக்க வேண்டும், செலவை நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பிரிக்க வேண்டும். நம் கதையில் வரும் அத்தனை ரசீதுகளுக்கும் மூதாதை இந்தக் கணக்குதான்.

வட கடலுக்கு அப்பால், அதே ஆண்டுகளில், டச்சுக்காரர்களும் இதே சங்கடத்தில் இருந்தார்கள். 1255-ல் ஹாலந்துப் பிரபு இரண்டாம் வில்லியம் ரைன்லாந்து நீர் வாரியத்துக்குச் சாசனம் கொடுத்தார். அந்த வாரியம் இன்னும் உயிரோடு இருக்கிறது, இன்னும் வரி வாங்குகிறது. நெதர்லாந்தில் அப்படி இன்று 21 நீர் வாரியங்கள். அவற்றுக்கென்று தனித் தேர்தல் உண்டு. தண்ணீரால் பாதிப்பு உள்ளவர் பணம் கொடுக்க வேண்டும், பணம் கொடுப்பவருக்கு முடிவெடுப்பதில் பங்கு வேண்டும் என்பது அவர்களுடைய பழைய ஏற்பாடு. நீர் வரிகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் நகலெடுத்த ஊர்கள்தான் பிற்பாடு அதிகம் அடிபட்டன என்று எனக்குப் படுகிறது.

வட கடல் கரையோரத்தில் இதற்கு ஒரு கடுமையான பக்கமும் இருந்தது. தன் பங்குக் கரையைப் பராமரிக்க முடியாமல் போன விவசாயி ஒரு மண்வெட்டியை எடுத்து வந்து கரைமீது குத்தி நிறுத்துவார். இனி இந்த நிலம் என்னுடையதல்ல என்று அதற்குப் பொருள். யார் வந்து அந்த மண்வெட்டியைப் பிடுங்குகிறாரோ, அவருக்கு நிலமும் போகும், கரை காக்கும் கடமையும் கூடவே போகும். பிடுங்கிய கையைக் கரை விடாது. நீருக்கான கடமை ஆளைச் சேர்ந்ததல்ல, நிலத்தைச் சேர்ந்தது என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்டும் வழக்கம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. இன்று மழைநீர்க் கட்டணம் சொத்து வரிச் சீட்டோடு ஒட்டிக்கொண்டு வருவதும் அதே நியாயத்தால்தான்: வீடு கைமாறினால் கட்டணமும் கைமாறும்.

ராம்னி வழக்கம் சீக்கிரமே பிரபலமாயிற்று. 1427-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் நாடெங்கும் வடிகால் ஆணையங்களை அமைத்தபோது, ராம்னி மார்ஷின் முறைப்படி நடக்கச் சொன்னது. 1531-ல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் அந்த ஆணையங்களுக்கு இன்னும் பலம் சேர்த்தது. பலம் வந்தால் தப்பும் கூடவே வரும். தேம்ஸ் கரை ஒன்றைச் செப்பனிட்ட ஆணையர்கள், கரையை ஒட்டி நிலம் வைத்திருந்த ஒரே ஒருவர் தலையில் முழுச் செலவையும் கட்டினார்கள். அதே வெள்ளத்துக்குப் பயந்து உள்ளே வாழ்ந்த மற்றவர்களை விட்டுவிட்டார்கள். வழக்கு நடந்தது. 1598-ல் நீதிமன்றம், ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளும் எல்லாருமே செலவையும் பகிர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் தம் தீர்ப்புத் தொகுப்பில் அதைப் பதிவு செய்ததால், அதிகாரிகளின் விருப்பத்துக்கு நியாயம் என்ற வேலி உண்டு என்பதற்கு ஆங்கிலச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். நிலத்தோடு ஒட்டிய வரி கரையோரத்திலிருந்து உள்ளே சில அடிகள் ஏறியது இங்கேதான்.

அடுத்த தாவலுக்கு ஒரு தீ விபத்து காரணம். 1666 செப்டம்பரில் லண்டன் எரிந்தது. அடுத்த ஆண்டே நகரை மீண்டும் கட்டுவதற்கான சட்டம் வந்தது. சாக்கடை, வடிகால், தெருத்தளம் இவற்றுக்கான செலவை, பயன்பெறும் வீடுகளிடமிருந்து பயனின் அளவுக்கு ஏற்ப வசூலிக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு. சதுப்பு நிலத்து ஏற்பாடு நகரத்துக்குள் நுழைந்துவிட்டது. சட்டம் எழுதத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த குடியேற்ற நாடுகளில், தாய்நாட்டுச் சட்டத்தைப் பெயர்த்து எழுதுவது சகஜம். 1691-ல் நியூயார்க் மாகாணச் சபை தன் நகரத்தின் தெருக்களுக்கும் வடிகால்களுக்கும் சட்டம் செய்தபோது, லண்டன் சட்டத்தின் வாசகங்களையே ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரு தீயும் எரியாத ஊருக்கு, தீக்குப் பிந்தைய சட்டம். அமெரிக்கா விடுதலை அடைந்த பிறகு 1787-ல் நியூயார்க் அதையே புதுப்பித்துக்கொண்டது. அங்கிருந்து மாநிலம் மாநிலமாகப் பரவி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள், அமெரிக்க நகரங்கள் தெருவும் சாக்கடையும் போடுவதற்கு இதுவே முக்கிய வழியாகிவிட்டது.

இந்த நகலெடுப்பைத் துப்பறிந்து சொன்னவர் விக்டர் ரோஸ்வாட்டர் என்ற இளைஞர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, 1893-ல் வெளியிட்ட நூலில் இரண்டு சட்டங்களையும் ஒப்பிட்டுக் காட்டினார். பிற்பாடு அவர் ஒமாஹா நகரில் பத்திரிகை ஆசிரியரானார். வரலாற்றில் வரிகளுக்கு இப்படி வம்சாவளி தேடியவர்கள் மிகக் குறைவு. அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இதுவரை கதையில் கேள்வி ஒன்றுதான்: யாருக்குப் பயன்? எவருடைய நிலம் நனையாமல் தப்பியதோ அவர் கொடுத்தார். தண்ணீரை அனுப்பியவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அளந்து சொல்ல வழியில்லை. அந்த வழி அயர்லாந்தில், ஒரு குடும்பத்துக்குள் திறந்தது.

1842-ல் வந்த சட்டத்தின்படி அயர்லாந்தில் ஆறுகளை ஆழப்படுத்தி வயல்களில் தேங்கும் நீரை வடிக்கும் வேலை தொடங்கியது. பயன்பெறும் நிலக்கிழார்கள் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். பொறுப்பில் இருந்தவர் வில்லியம் மல்வனி. அவருடைய தம்பி தாமஸ் மல்வனியும் அதே வேலையில் பொறியாளர். மழை பெய்தால் ஆற்றில் எவ்வளவு நீர் வரும் என்று தெரியாமல் வாய்க்காலின் அகலத்தை எப்படித் தீர்மானிப்பது? தம்பி 1851-ல் ஒரு கட்டுரை எழுதினார். மழையின் வேகம், நிலத்தின் பரப்பு, கடைக்கோடியில் விழுந்த துளி வந்து சேரும் நேரம் இவற்றைக் கொண்டு வெள்ளத்தின் உச்சத்தைக் கணக்கிடலாம் என்று சொன்னார். உலகெங்கும் வடிகால் பொறியாளர்கள் இன்னும் கையாளும் சூத்திரத்தின் விதை அது.

அண்ணன் கதை வேறு திசையில் போயிற்று. இடையில் பஞ்சம் வந்தது. பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுக்க வடிகால் பணிகளை வேகமாக விரித்தார்கள். செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் போயிற்று. எங்களைக் கேட்காமலே எங்கள் தலையில் கடனை ஏற்றிவிட்டார்கள் என்று நிலக்கிழார்கள் லண்டனில் முறையிட்டார்கள். பிரபுக்கள் சபை 1852-ல் விசாரணைக் குழு வைத்தது. கடனில் ஒரு பகுதி தள்ளுபடியானது. வில்லியம் மல்வனி ஓய்வூதியத்தோடு வெளியேற வேண்டியதாயிற்று. அவர் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனிக்குப் போய், 1855-ல் கெல்சன்கிர்ஷனில் ஹைபர்னியா என்று தம் நாட்டின் பழம்பெயரையே வைத்து ஒரு நிலக்கரிச் சுரங்கத்தைத் தோண்டத் தொடங்கினார். ரூர் பகுதியைத் தொழில் மண்டலமாக்கிய முன்னோடிகளில் ஒருவர் ஆனார்.

அந்தச் சுரங்கங்களின் பக்கத்தில்தான் எம்ஷர் என்ற சின்ன ஆறு ஓடியது. ஆட்கள் பெருகினார்கள், ஆலைகள் பெருகின, எல்லாருடைய கழிவும் எம்ஷரில் கலந்தது. போதாக்குறைக்கு, அடியில் கரி தோண்டத் தோண்ட மேல்நிலம் அமிழ்ந்து, ஆறு ஆங்காங்கே குட்டையாகத் தேங்கியது. 1901-ல் கெல்சன்கிர்ஷனில் டைஃபாய்டு பரவியபோது நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக்கே நேரில் வந்து ஆராய்ந்தார். அதற்குச் சற்று முன்பே, 1899-ல், அந்த வட்டாரத்து நகரங்களும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து எம்ஷர் சங்கத்தை அமைத்திருந்தன. 1904-ல் பிரஷ்ய அரசு அதற்கென்றே தனிச் சட்டம் செய்தது. உறுப்பினராகச் சேர்வது கட்டாயம். சந்தா எவ்வளவு என்பதில்தான் புதுமை: நீ பெறும் பயனுக்காக மட்டும் அல்ல, நீ விளைவிக்கும் சேதத்துக்காகவும் கட்டு. வடிகால் வரி தண்ணீர் போய்ச் சேரும் இடத்தை விட்டு, அது புறப்படும் இடத்தைத் தேடி வந்தது இங்கேதான். கட்டியவர்களுக்குச் சங்கத்தின் சபையில் ஓட்டும் இருந்தது. கரையோர நாடுகளின் பழைய பாடத்தை ரூர் மறக்கவில்லை.

இதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் எமில் குய்ச்லிங் என்ற பொறியாளர் மழையையும் சாக்கடையையும் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மழைமானி, இன்னொரு பக்கம் குழாயில் ஓடும் நீரின் அளவு. இரண்டையும் ஒப்பிட்டு வந்தவர் 1889-ல் ஒரு முடிவை வெளியிட்டார். பெய்யும் மழையில் எத்தனை சதவீதம் உடனே குழாய்க்கு வருகிறதோ, அது அந்தப் பகுதியில் நீர் இறங்காத பரப்பின் சதவீதத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். கூரையும் கல்தளமும் பாதி என்றால் மழையில் பாதி. குழாயின் விட்டத்தைத் தீர்மானிக்கத்தான் அவர் இதைச் செய்தார். வரி விதிப்பதற்கான அளவுகோல் ஒன்றைச் செதுக்குகிறோம் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை. எண்பத்தைந்து ஆண்டுகள் அது பொறியியல் புத்தகங்களுக்குள்ளேயே கிடந்தது.

1960-களில் ஆலன் நீஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ரூர் சங்கங்களை ஆராய்ந்து, அழுக்குக்கு விலை வைத்தால் அழுக்கு குறையும் என்று தம் நாட்டில் சொன்னார். 1972-ல் அமெரிக்கா தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியபோது அந்த வழியில் போகவில்லை. உரிமம் கொடுத்துக் கட்டுப்படுத்தும் வழியை எடுத்துக்கொண்டது. ஆலையின் கழிவுக் குழாய்க்கு உரிமம் சரி, ஊரெல்லாம் திறந்திருக்கும் மழைநீர்க் குழாய்க்கு? எண்ணிக்கை அதிகம் என்று சுற்றுச்சூழல் முகமை அவற்றை விலக்கி வைத்தது. விலக்க உனக்கு அதிகாரம் இல்லை என்று 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு 28 இடங்களில் ஆய்வு நடந்தது. தெருவைக் கழுவி வரும் மழைநீரில் ஈயம், துத்தநாகம், செம்பு, மலக்கிருமி எல்லாம் கண்டார்கள். 1987-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. 1990 முதல் பெரிய நகரங்களும் 1999 விதிகளின்படி சிறிய நகரங்களும் மழைநீருக்கு உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. கடமை வந்தது, அதோடு பணம் வரவில்லை.

பணத்துக்கான வழியை ஒரு புறநகர் முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்திருந்தது. சியாட்டிலுக்கு எதிர்க்கரையில், வாஷிங்டன் ஏரியோரத்தில் உள்ள பெல்வியூ 1953-ல்தான் நகரமாயிற்று. வீடுகள் பெருகப் பெருக ஓடைகள் பொங்கின, சால்மன் மீன்கள் குறைந்தன. ஓடைகளைக் குழாயில் அடைத்துவிடலாமா என்ற கேள்வி வந்தபோது, திறந்தபடியே ஓடட்டும் என்று ஊரார் முடிவெடுத்தார்கள். திறந்த ஓடையைக் காப்பாற்றத் தொடர்ந்து பணம் வேண்டும். 1974-ல் பெல்வியூ, குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் இருப்பதுபோல மழைநீருக்கும் ஒரு சேவை அமைப்பை ஏற்படுத்தியது. கொலராடோவின் போல்டர் அதற்கு ஓராண்டு முன்பே அப்படி ஒன்றைத் தொடங்கியிருந்தது. பெல்வியூவின் கட்டணம் மனையின் பரப்பையும், அதில் எவ்வளவு நெருக்கமாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. கட்டாத நிலத்துக்குக் குறைந்த வீதம், கடைவீதிக்கு மிக உயர்ந்த வீதம், சதுப்பு நிலத்துக்கு ஒன்றும் இல்லை. குய்ச்லிங்கின் சதவீதம் ரசீதில் ஏறிவிட்டது.

அந்த 28 ஆய்வு இடங்களில் பெல்வியூவும் ஒன்று. தெருவை இயந்திரத்தால் பெருக்கினால் ஓடை சுத்தமாகுமா என்று அங்கே சோதித்தார்கள். நல்ல பலன் இல்லை. பெரிய குப்பை போகிறது, அழுக்கு ஒட்டியிருக்கும் நுண்தூள் தெருவிலேயே தங்கிவிடுகிறது. ஒரு நகரம் தன் பணத்தை எதில் போடக்கூடாது என்று அளந்து தெரிந்துகொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிறகு நகல்கள் பெருகின. சராசரி வீடு ஒன்றின் கூரையும் தளமும் ஓர் அலகு, பெரிய கடை அதுபோல எத்தனை மடங்கு என்று பார்த்தால் போதும் என்ற சுருக்கு வழி பரவியது. அமெரிக்காவில் இப்போது இப்படி மழைநீர்க் கட்டணம் வாங்கும் உள்ளாட்சிகள் சுமார் 2,000. இந்த மாற்றம் எவ்வளவு நியாயமானது என்பதைப் பிலடெல்பியாவில் பார்க்கலாம். அங்கே முன்பு குடிநீர் மீட்டரின் அளவை வைத்து மழைநீர்க் கட்டணம் வாங்கினார்கள். நகர மையத்தில் பரந்து கிடந்த கார் நிறுத்துமிடங்களில் குழாயே கிடையாது, மீட்டர் கிடையாது, ஆகவே ரசீதும் கிடையாது. மழை வந்தால் அதிகத் தண்ணீரை ஆற்றுக்கு அனுப்பியது அந்தத் தார்த்தளங்கள்தான். அடுக்குமாடிக் கட்டடமோ சின்னக் கூரையின்கீழ் நிறையப் பேர் குளிப்பதற்காக அதிகம் கட்டியது. 2010-ல் இருந்து வீடல்லாத சொத்துகளுக்கு நீர் இறங்காத பரப்பை முக்கிய அளவாக்கி, நான்கு ஆண்டுகளில் படிப்படியாக மாற்றினார்கள். தளத்தைப் பெயர்த்துச் செடி வைத்தவருக்குத் தள்ளுபடி.

ஜெர்மனியில் இதே நியாயத்தை நீதிமன்றங்கள் சொல்லின. குடிநீர் அளவை வைத்தே கழிவுநீர், மழைநீர் இரண்டுக்கும் ஒரே கட்டணம் வாங்குவது செல்லாது என்று வடரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் 2007-லும், பாடன்-வுர்ட்டம்பர்க்கில் 2010-லும் உயர் நிர்வாக நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. நகராட்சிகள் அவசர அவசரமாக விமானப் படம் எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் கூரை எவ்வளவு, தளம் எவ்வளவு என்று படிவம் அனுப்பின. எம்ஷர் கரையில் 2005-லேயே இன்னொரு ஒப்பந்தம் ஆகியிருந்தது: பதினைந்து ஆண்டுகளில், சாக்கடையில் நீரை விடும் பரப்பில் 15 சதவீதத்தைத் துண்டித்து மண்ணுக்குத் திருப்புவது. நூறாண்டு திறந்த சாக்கடையாகக் கிடந்த அந்த ஆற்றில், 2021 முடிவில் கழிவுநீர் கலப்பது நின்றது.

எதிர்ப்பு இல்லாமல் இதெல்லாம் நடக்கவில்லை. முதல் சண்டை, இது கட்டணமா வரியா என்பது. வரி என்றால் கோயிலும் பள்ளியும் அரசுக் கட்டடமும் விலக்குக் கேட்கும், பல மாநிலங்களில் வாக்கெடுப்பும் வேண்டும். 1998-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் லான்சிங் நகரின் கட்டணம் உண்மையில் வரிதான் என்று ரத்து செய்தது. வாஷிங்டன் நகரில் மத்திய அரசின் அலுவலகங்களே இதே காரணத்தைச் சொல்லிக் கட்ட மறுத்தன. 2011 ஜனவரியில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, மத்திய அரசும் கட்டத்தான் வேண்டும் என்றது.

மேரிலாந்தில் நடந்தது இன்னும் பெரிய பாடம். செசபீக் விரிகுடாவைக் காப்பாற்ற 2012-ல் மாநிலச் சட்டம், ஒன்பது கவுண்டிகளும் பால்டிமோர் நகரும் மழைநீர்க் கட்டணம் விதித்தே ஆக வேண்டும் என்றது. எதிரிகள் அதற்கு மழை வரி என்று பெயர் வைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு கவுண்டி மறுத்தது. ஃப்ரெடரிக் கவுண்டி சொத்து ஒன்றுக்கு ஆண்டுக்கு 1 சென்ட் என்று நிர்ணயித்துச் சட்டத்தின் எழுத்தை மட்டும் நிறைவேற்றியது. பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில், மழைத் தோட்டம் அமைத்து, பிரசங்கத்திலும் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசும் தேவாலயங்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தார்கள். 2014-ல் மழை வரியை எதிர்த்துப் பிரசாரம் செய்த லாரி ஹோகன் ஆளுநர் தேர்தலில் வென்றார். மறு ஆண்டே கட்டாயம் நீங்கியது. விரிகுடாவுக்குப் பணம் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மேலிருந்து ஆணையாக வந்ததால், கொடுப்பவருக்கு அது தன் ஓடைக்கான பணமாகத் தெரியவில்லை.

கலிபோர்னியா நேர் எதிர்த்திசையில் கஷ்டப்பட்டது. 1996-ல் நிறைவேறிய மாநில விதிப்படி, சொத்தைச் சார்ந்த புதிய கட்டணத்துக்கு வாக்கெடுப்பு வேண்டும். குடிநீர், குப்பை, கழிவுநீர் இவற்றுக்கு மட்டும் விலக்கு. மழைநீருக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று 2002-ல் சலினாஸ் நகர வழக்கில் தீர்ப்பாயிற்று. உரிமம் கேட்டு ஒரு கை நீள, பணத்தை வேறொரு கை தடுத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி 2013-ல் முயன்று, பள்ளிகளும் தேவாலயங்களும் எதிர்த்ததால் கைவிட்டது. 2018-ல் மறுபடி வந்தபோது, வசூலில் 40 சதவீதம் அந்தந்த நகரத்துக்கே திரும்பும், 50 சதவீதம் வட்டாரப் பெருந்திட்டங்களுக்கு, 10 சதவீதம் கவுண்டியின் வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டத்துக்கு என்று பங்கீட்டை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். ஜெயித்ததற்கு அது முக்கியக் காரணம் என்பது என் கருத்து. தன் தெருவுக்கு எவ்வளவு வரும் என்று தெரிந்தவர் ஓட்டுப் போடுகிறார்.

வேறு நாடுகளில் கதை சுருக்கம். பிரான்ஸ் 2011-ல் நகராட்சிகளுக்கு இந்த வரியை அனுமதித்து, சில ஆண்டுகளிலேயே ரத்து செய்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், வீட்டுக்கு ஆண்டுக்கு 25 டாலர் என்ற உச்சவரம்போடு நடத்துகிறது. கனடாவில் மிசிசாகா 2016-ல் தொடங்கியது. பக்கத்து டொரான்டோ 2024-ல் கிளம்பிய எதிர்ப்பைப் பார்த்துத் தயங்கி நின்றது.

இத்தனை பணத்தில் விலைமதிக்க முடியாத பகுதி, மண்ணையும் குழாயையும் தொடாத வேலைக்குப் போனதுதான். சான் பிரான்சிஸ்கோ விரிகுடா நகரங்கள் தங்கள் மழைநீரில் வரும் செம்பு எங்கிருந்து என்று தேடின. கார் பிரேக்கின் தேய்மானம் முக்கிய காரணம் என்று தெரிந்தது. ஊருக்கு ஊர் வடிகட்டிக்கொண்டிருப்பதைவிட, பிரேக்கிலிருந்து செம்பை எடுப்பது மலிவு. 2010-ல் கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் அதற்குச் சட்டம் செய்தன. சியாட்டில் பக்கத்து ஓடைகளில் மழை பெய்த சில மணி நேரத்தில் கோஹோ சால்மன்கள் முட்டையிடுவதற்கு முன்பே சுழன்று சுழன்று செத்துக்கொண்டிருந்தன. பல ஆண்டு தேடி, 2020-ல் ஆய்வாளர்கள் நஞ்சைக் கண்டுபிடித்தார்கள்: டயர் ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனம், ஓசோனோடு சேர்ந்து உருமாறிய பொருள். வரி ஏறும் பாதையை இது இன்னும் மேலே தள்ளுகிறது. வீட்டுக் கூரையைத் தாண்டி, டயர் செய்பவரின் கதவு வரைக்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் நேரான இழை உண்டு. 1920-ஆம் ஆண்டு மதராஸ் மாவட்ட நகராட்சிச் சட்டம், இங்கிலாந்து வழக்கத்தை ஒட்டி, சொத்து வரியின் ஓர் அங்கமாக நீர், வடிகால் வரி விதிக்க இடம் கொடுத்தது. சென்னை நகரில் 1978-ன் சட்டப்படி குடிநீர் வாரியம் அமைந்தபோது கழிவுநீர் அதன் பொறுப்புக்குப் போயிற்று. குடிநீருக்கும் கழிவுநீருக்குமான வரி, ஆண்டு மதிப்பில் 7 சதவீதம், வாரியத்துக்குப் போகிறது. மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம் தங்கிவிட்டது. அதற்கென்று தனி வருமானம் அமையவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்த பெரிய வேலைகளுக்குக் கடன்தான் கைகொடுத்தது: கொசஸ்தலை ஆற்றுப் படுகைக்கு 2021-ல் ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி டாலர், கோவளம் படுகைக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி. கூரைக்கும் தளத்துக்கும் தன் ஊரில் சதுர மீட்டர் கணக்கில் கட்டணம் வாங்கும் நாடு நமக்கு வடிகாலுக்குக் கடன் தருகிறது.

சென்னையில் சொத்து வரிக்குக் கட்டடப் பரப்பை அளக்கிறார்கள். முற்றத்துச் சிமெண்டை அளப்பதில்லை. வேப்பமரமும் மண்தரையும் வைத்திருப்பவரும், சுற்றுச்சுவர் வரைக்கும் டைல்ஸ் பதித்தவரும், கட்டடம் ஒரே அளவென்றால் ஒரே தொகைதான் கட்டுகிறார்கள். 2003-ல் எல்லா வீட்டுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. அந்தக் குழியைத் தூர்வாரி வைத்திருப்பவருக்கும் தள்ளுபடி கிடையாது. முற்றத்தையும் அளந்து, மண்ணை விட்டுவைத்தவருக்குக் குறைத்து, வசூலில் பெரும்பங்கை அந்தந்த வார்டுக்கே கொடுத்து, செலவுக் கணக்கை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும் என்பது என் வேண்டுகோள். முதல் ஆண்டுப் பணத்தைப் புதுக் கால்வாயில் போட வேண்டாம். மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகச் சேர்த்திருக்கும் கழிவுநீர்க் குழாய்களைத் தெருத் தெருவாகக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் ஆட்களுக்குச் சம்பளமாகக் கொடுக்கலாம். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், மழை இல்லாத மாதங்களிலும் அந்த வடிகால்கள் வழியாகத்தான் கறுப்பு நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது.